சுவரில் இருந்த காட்டெருமைத் தலையும் 90 நாளும்

அப்பா 2023 ஜூலை 8ஆம் தேதி இறந்தார். செப்டம்பர் 9ஆம் தேதி, வங்கி பாஸ்புக் தேடி அவருடைய இரும்பு பீரோவைத் திறந்தபோது பட்டுநூல் நாடா கட்டிய ஒரு பச்சை ஃபைல் கிடைத்தது. மேலே அப்பாவின் கையெழுத்தில் 'வனத்துறை' என்று இருந்தது. உள்ளே ஒரு சான்றிதழ், சில ஜெராக்ஸ் காகிதங்கள், கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்று. அன்றைக்கு அது 63ஆம் நாள். அந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஒரு காட்டெருமைத் தலை மாட்டியிருந்தது. மரக் கேடயத்தில் பொருத்தி, கண்ணாடிக் கண் வைத்துப் பாடம் பண்ணிய, அதாவது கெடாமல் பதப்படுத்திய தலை. அதற்கு எதிர்ச் சுவரில், சிவப்பு ஃபெல்ட் துணி வைத்துத் தைத்த சிறுத்தைத் தோல். பின்கட்டு வராந்தாவில் கடமான் கொம்பு ஒரு ஜோடி. அதில் அப்பா சட்டை மாட்டுவார், அம்மா மஞ்சள் பை தொங்கவிடுவார். நாங்கள் பிறந்ததிலிருந்து பார்த்தவை என்பதால், இவற்றுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கும் என்று நானும் தம்பியும் யோசித்ததே இல்லை.

தாத்தா குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஹெட் கிளார்க். அவர் வேட்டைக்காரர் இல்லை. துரை 1958இல் சீமைக்குத் திரும்பும்போது பங்களாவில் இருந்த சாமான்களை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டுப் போனாராம். தாத்தாவுக்குக் கிடைத்தவை தலையும் தோலும் கொம்பும். அந்தக் காலத்து நீலகிரியில் இது பெரிய விஷயமே இல்லை. வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் என்று 1879இலேயே மதராஸ் அரசு நீலகிரிக்குத் தனிச் சட்டம் போட்டிருந்தது. லைசென்ஸ் எடுத்து, சீசன் பார்த்துச் சுடலாம். சுட்டதை மைசூருக்கு அனுப்பிப் பாடம் பண்ணி வாங்குவார்கள். எங்கள் தலையின் கேடயத்துக்குப் பின்னால் மங்கலாக ஒரு லேபிள் ஒட்டியிருந்தது: வான் இங்கன் அண்ட் வான் இங்கன், மைசூர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மகாராஜாக்களுக்கும் துரைமார்களுக்கும் புலியும் சிறுத்தையும் ஆயிரக்கணக்கில் பாடம் பண்ணிக் கொடுத்த நிறுவனம் அது. 1999இல் மூடிவிட்டார்கள். பின்னால் எங்களுக்கு அந்த லேபிள் எப்படிக் கைகொடுத்தது என்பதைச் சொல்கிறேன்.

சட்டம் எப்படி மாறியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எந்த விலங்குக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று அது அட்டவணை போட்டுப் பிரித்திருக்கிறது. அதிலும் ஆரம்பத்தில் சில விலங்குகளை லைசென்ஸோடு வேட்டையாட இடம் இருந்தது. 1986 திருத்தம் முதல் அட்டவணை போன்ற உச்சப் பாதுகாப்பில் இருக்கும் விலங்குகளின் உறுப்புகளை வைத்து வியாபாரம் செய்வதையும், அவற்றைப் பாடம் பண்ணித் தருவதைத் தொழிலாக நடத்துவதையும் தடை செய்தது. 1991 திருத்தத்தோடு வேட்டை லைசென்ஸ் முறையே போய்விட்டது. பிறகு 2003 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் பழைய பொருள்களை வைத்திருப்பவர்கள் பக்கம் திரும்பியது. இதுவரை சொல்லாமல் வைத்திருந்தவர்கள் 180 நாளுக்குள் அறிவித்துவிடலாம் என்று அந்த ஏப்ரலிலேயே ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு உரிமைச் சான்றிதழ் இல்லாதவர் அப்படிப்பட்ட பொருளைப் பெறவோ வைத்திருக்கவோ கூடாது. வாரிசாக வருவதற்கு மட்டும் விலக்கு.

அப்பா அந்த 180 நாளில் அறிவித்திருக்கிறார். எனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கிறது. பக்கத்து வீட்டு மாமா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "நீங்களா போய்ச் சொன்னீங்கன்னா வந்து தூக்கிட்டுப் போயிருவாங்க, பேசாம இருங்க" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் பஸ் ஏறி வன அலுவலகத்துக்குப் போய்விட்டார். யாரும் எதையும் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஒருவர் வந்து அளந்தார், எழுதினார். சில மாதம் கழித்து உரிமைச் சான்றிதழ் வந்தது. அப்பா அன்று செய்த அந்தக் காரியம் 20 வருடம் கழித்து எங்களை எவ்வளவு பெரிய சிக்கலிலிருந்து காப்பாற்றியது என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

சரி, சான்றிதழ்தான் இருக்கிறதே, அப்புறம் என்ன என்றுதான் முதலில் நினைத்தேன். என்னோடு பள்ளியில் வேலை பார்க்கும் தோழியின் கணவர் வக்கீல். எதற்கும் கேட்டு வைப்போமே என்று காட்டினேன். அவர் சான்றிதழைப் படித்துவிட்டு முதலில் கேட்டது, "இது யார் பேர்ல இருக்கு?"

"அப்பா பேர்ல."

"அப்பா எப்ப தவறினாரு?"

சொன்னேன். விரல் விட்டு எண்ணினார். சான்றிதழ் அப்பாவுக்குக் கொடுத்தது, அவரோடு முடிந்தது, நிலப்பட்டா மாதிரி தானாக வாரிசு கைக்கு வந்துவிடாது என்றார். 40ஆம் பிரிவில் ஒரு சின்ன உட்பிரிவு இருக்கிறது. இப்படிப்பட்ட பொருள் வாரிசாக வந்தவர், வந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலருக்கோ எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதற்குப் பிறகு முதல் தடவை போலவே ஆய்வு செய்து, புதுச் சான்றிதழ் தருவார்கள். எங்களுக்குக் கெடு அக்டோபர் 6. அன்று செப்டம்பர் 11.

வக்கீல் இன்னொன்றும் சொன்னார். இந்தச் சட்டத்தில், பொருள் நம் கையில் இருப்பது நிரூபணமாகிவிட்டால் அது முறையாக வந்தது என்று காட்டும் பொறுப்பு நம்முடையது. 57ஆம் பிரிவு. முதல் அட்டவணை விலங்கு என்றால் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 7 வருடம் சிறை, அபராதமும் உண்டு. 'தாத்தா காலத்துப் பொருள்ங்க' என்று வாயால் சொல்வது எதற்கும் உதவாது. காகிதம் வேண்டும்.

இந்த இடத்தில் தம்பி செய்ய இருந்ததைச் சொல்லாவிட்டால் இந்த அனுபவமே பாதிதான். அவன் பெங்களூரில் இருக்கிறான். கருமாதி முடிந்த மறுநாள், "அக்கா, தலையை நான் எடுத்துக்கறேன், அப்பா ஞாபகமா இருக்கட்டும்" என்றான். யாரும் மறுக்கவில்லை. சத்தியமங்கலம், திம்பம், சாம்ராஜ்நகர் வழியாகப் போவதுதான் அவனுக்குப் பழக்கம். அதாவது பண்ணாரி சோதனைச்சாவடி வழியாக, புலிகள் காப்பகத்துக்கு நடுவே. கொம்பின் அகலம் கார் டிக்கியில் நுழையவில்லை, பின் சீட்டிலும் கதவு சாத்தவில்லை. அதனால் மட்டும் 'அடுத்த தடவை பெரிய வண்டி எடுத்துட்டு வர்றேன்' என்று விட்டுவிட்டுப் போனான். பெயர் மாற்றாத சான்றிதழோடு, அதுவும் ஜெராக்ஸ் கூட இல்லாமல், பண்ணாரியில் அவன் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்து அம்மா பல நாள் தூங்கவில்லை.

சான்றிதழ் இருந்தாலும் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோனால் 30 நாளுக்குள் அந்த எல்லையின் அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். பார்சல்காரரும் லாரிக்காரரும் அனுமதி இருக்கிறதா என்று சரிபார்க்காமல் இப்படிப்பட்ட பொருளை ஏற்றக் கூடாது என்று அவர்களுக்கும் சட்டத்தில் கடமை இருக்கிறது. வீடு மாற்றும்போது பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான் என்று வக்கீல் சொன்னார். விற்கவோ, காசுக்கு ஈடாக எந்த வகையிலும் கைமாற்றவோ கூடாது என்பது தனி. சான்றிதழ் உள்ளவருக்கும் அந்தத் தடை உண்டு.

இரண்டு வாரம் காகிதம் சேர்த்தோம். அப்பாவின் பழைய சான்றிதழ், இறப்புச் சான்று, அம்மாவின் ஆதார். வாரிசுச் சான்றிதழ் தாசில்தார் அலுவலகத்தில் அப்போது நிலுவையில் இருந்தது. அது வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் 90 நாள் போய்விடும். விண்ணப்பித்த ரசீதை வைத்து, சான்றிதழ் வந்ததும் அனுப்புகிறோம் என்று எழுதினோம். அம்மா பெயரில் சான்றிதழ் கொடுக்க எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று நானும் தம்பியும் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டோம். ஒவ்வொரு பொருளையும் நாலு பக்கமும் படம் எடுத்தோம். தோலுக்கு மூக்கு நுனி முதல் வால் நுனி வரை ஓர் அளவு, குறுக்கே ஓர் அளவு. கொம்புக்கு வெளிவளைவோடு டேப் வைத்து ஓர் அளவு. தையல், ஓட்டை, கீறல் எதையும் விடாமல் குறித்தோம். சிறுத்தைத் தோலில் இடது தோளுக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தைத்து மூடிய இடம் இருந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் அந்தத் தோலைப் பார்த்திருக்கிறேன், அதன் மேல் படுத்துக் கதைப் புத்தகம் படித்திருக்கிறேன். குண்டு துளைத்த இடம் அது என்று அன்றைக்குத்தான் கையில் உணர்ந்தேன். கொஞ்ச நேரம் டேப்பைக் கீழே வைத்துவிட்டேன்.

அளக்கும்போது இன்னொரு விஷயமும் தெரிய வந்தது, இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய காலத்தில் தோலைப் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்த சோப்பைத் தடவுவது உலகமெங்கும் வழக்கம். ஆர்சனிக் பல பத்தாண்டு ஆனாலும் போகாது. தோல் வெடித்தால் பொடியாக உதிரும். அம்மா வருடா வருடம் அந்துருண்டை வைத்து, பொங்கலுக்கு வெறும் கையால் துணி போட்டுத் துடைத்தவர். ஆகவே வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள், விளக்குமாறு போட்டுத் தட்டாதீர்கள், குழந்தைகளை மேலே உட்கார விடாதீர்கள்.

செப்டம்பர் 27, 81ஆம் நாள், மாவட்ட வன அலுவலகத்தில் நேரில் கொடுத்து முத்திரை போட்ட நகல் வாங்கினோம். அதே கட்டு ஒன்றைச் சென்னையில் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினோம். நேரில் கொடுத்ததே போதும் என்று அங்கே ஒருவர் சொன்னார். இரண்டாவது நகலையும் அனுப்பியது வீண் போகவில்லை. முதல் கட்டு மேசை மாறி மூன்று வாரம் யார் கண்ணிலும் படவில்லை. கெடுவுக்குள் கொடுத்தோம் என்பதற்கு எங்களிடம் முத்திரை இருந்ததால் கவலைப்படவில்லை.

கடமான் கொம்பை என்ன செய்வது என்பதுதான் குழப்பமாக இருந்தது. அப்பாவின் சான்றிதழில் தலையும் தோலும் மட்டுமே இருந்தன. 2003இல் அறிவிக்கச் சொன்னது முதல் அட்டவணை விலங்குகளுக்கும் இரண்டாவது அட்டவணையின் ஒரு பகுதிக்கும்தான். கடமான் அப்போது மூன்றாவது அட்டவணையில் இருந்தது. அதனால் அப்பா எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் 2022 திருத்தம், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது, ஆறு அட்டவணைகளை நான்காக்கி எல்லாவற்றையும் மாற்றி அடுக்கிவிட்டது. 'எங்க அப்பா விசாரிச்சாரு, இதுக்கு ஒண்ணும் வேண்டாம்னு சொன்னாங்க' என்ற பேச்சு இனி நிற்காது. காட்டில் தானாக விழுந்த கொம்பு என்று சொல்லித் தப்பிக்கிறவர்களும் உண்டு. சட்டம் கொம்பு, எலும்பு, நகம், பல், முடி, இறகு, முட்டை, தேன்கூடு வரை, விலங்கிலிருந்து எடுத்து வைத்திருக்கும் பொருளைக் குறிக்கும் 'டிராபி' என்ற சொல்லுக்குள் எழுதி வைத்திருக்கிறது. கொம்பை நாங்கள் மறைக்கவில்லை. அறிவிப்புக் கடிதத்திலேயே தனிப் பத்தியாக, 'இதற்குச் சான்றிதழ் இல்லை, ஒப்படைக்க விரும்புகிறோம்' என்று எழுதினோம்.

அக்டோபர் கடைசியில் அத்தையிடமிருந்து போன் வந்தது. கன்னட பிக் பாஸ் நிகழ்ச்சியில் இருந்த ஒருவரை, புலிநகம் கோத்த பதக்கம் போட்டிருந்தார் என்று பெங்களூரில் கைது செய்த செய்தியை டிவியில் பார்த்திருக்கிறார். பொள்ளாச்சியிலிருந்து பேசியவருக்குக் குரல் நடுங்கியது. "கண்ணு, உங்க மாமன் வீட்டுல எம்பையனுக்குப் போட்ட சங்கிலி இருக்குதுல்ல, அதுலயும் ரெண்டு நகம் இருக்குது. லாக்கர்ல வெச்சிருக்கறேன். இப்ப என்ன பண்றது?"

முதல் பிறந்தநாளுக்குப் புலிநகச் சங்கிலி போட்டால் குழந்தை பயப்படாது என்று கொங்குப் பக்கம் எத்தனையோ வீட்டில் போட்டிருக்கிறார்கள். அத்தை சொல்வதற்குள் நாலைந்து பேர் யோசனை சொல்லியிருந்தார்கள். பத்தரிடம் கொடுத்து நகத்தை மட்டும் கழற்றிவிடு, கோயில் உண்டியலில் போட்டுவிடு, கிணற்றில் வீசிவிடு. நான் அத்தையை வக்கீலோடு பேச வைத்தேன். அவர் ஒவ்வொன்றாக வேண்டாம் என்றார். பத்தர் கைக்குப் போனால் அவரும் வைத்திருந்தவர் ஆகிவிடுவார். உண்டியலில் போட்டால் கோயில்காரர்களுக்குத் தலைவலி. வீசினால் ஆதாரத்தை அழித்ததாக ஆகும். "யாருக்கும் வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பிடாதீங்கம்மா, அதுவே போதும்" என்றார். அரசுக்குச் சொந்தமான இப்படிப்பட்ட பொருள் ஒருவர் கைக்கு எப்படி வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வன அலுவலரிடமோ தெரிவித்து ஒப்படைக்க வேண்டும் என்று 39ஆம் பிரிவு சொல்கிறது. முப்பது வருடம் கழித்து ஒப்படைப்பவருக்குத் தானாக மன்னிப்பு என்று எங்கும் எழுதவில்லை. அதை வக்கீல் மறைக்காமல் சொன்னார். அதனால்தான் தனியாகப் போகாமல், நடந்ததை நடந்தபடி எழுதி, அவரோடு போனோம்.

வனச்சரகர் வயதில் சின்னவர். "உட்காருங்கம்மா, தண்ணி குடிங்க" என்று அத்தைக்கு முதலில் தண்ணீர் கொடுத்தார். கடிதத்தைப் படித்து, வாக்குமூலம் எழுதி, சங்கிலியோடு உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார். எடை, நீளம், எல்லாம் இரண்டு சாட்சி முன்னால். ஆய்வகத்துக்கு அனுப்பி ஏழு மாதம் ஆனது. இரண்டும் மாட்டுக் கொம்பைச் சீவிச் செய்தவை என்று முடிவு வந்தது. சந்தையில் புலிநகம் என்று விற்பதில் இப்படிப் போலி நிறைய உண்டு. அத்தைக்கு அழுகையே வந்துவிட்டது, நிம்மதியில். எனக்கு வேறு மாதிரிப் பட்டது. அந்த ஏழு மாதமும் அவர் உண்மை நகம் என்று நம்பித்தான் நேராகப் போய் ஒப்படைத்தார். அது எனக்குப் பெருமை.

அத்தை வீட்டுக் கதை வெளியே தெரிந்ததும் சொந்தத்தில் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். யானைமுடி மோதிரம் வைத்திருக்கிறேனே என்று ஒருவர். அது கோயில் யானை முடி, பாகன் கொடுத்தது என்று விளக்கம். வளர்ப்பு யானையின் முடியும் சட்டத்துக்குள்தான் வரும். பூஜை அறையில் மான்தோல் ஆசனம் என்று இன்னொருவர். நரிக்கொம்பு என்று திருவிழாவில் வாங்கிப் பணப்பெட்டியில் வைத்திருக்கும் கடைக்காரர் ஒருவர். நரிக்குக் கொம்பே கிடையாது, அந்தப் பெயரில் விற்பது நரியின் மண்டைத் தோலையும் முடியையும் வைத்துச் செய்த ஒன்று. கஞ்சிரா வாசிக்கும் சித்தப்பா ஒருவர் தன் குருநாதர் கொடுத்த பழைய வாத்தியத்தைக் கொண்டுவந்தார். கஞ்சிராவுக்கு உடும்புத் தோல் போர்த்துவதுதான் மரபு. அந்த நாதத்துக்கு ஈடில்லை என்று அவர் சொல்லும்போது அந்த வருத்தம் எனக்கும் புரிந்தது. ஆனால் உடும்பு முதல் அட்டவணை விலங்கு. இப்போது ஆட்டுத் தோலிலும் செயற்கைத் தோலிலும் வாசிக்கிறார்கள், அவரும் மாறிவிட்டார். இத்தனைக்கும் நடுவே மனம் லேசான விஷயம் மயிலிறகு ஒன்றுதான். மயிலைத் தொடக் கூடாது, ஆனால் அதன் தோகை இறகுக்குச் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம்.

கறி விஷயம் வேறு. தாளவாடிப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போனபோது தூக்குவாளியில் காட்டுப்பன்றிக் கறி கொடுத்து அனுப்பினார்கள். 'சுட்டது நாங்க இல்லைங்க, தோட்டத்து வேலியில் விழுந்தது' என்றார்கள். வேட்டையாடிய காட்டு விலங்கும், செத்துக் கிடந்த காட்டு விலங்கும், அதன் கறியும் அரசுச் சொத்து. வாங்கிக்கொண்டு போய் ஃபிரிஜில் வைத்தவரும் குற்றத்துக்குள் வருவார். நான் அங்கேயே திருப்பிக் கொடுத்தேன். அவர்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. பயிரை அழிக்கும் பன்றியால் அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும், அதற்காக அந்த வாளியை வாங்க முடியாது.

நவம்பரில் எங்கள் வீட்டுக்கு ஆய்வுக்கு வந்தார்கள். சரகர், வனவர், கால்நடை மருத்துவர். முழு மதியம் ஆனது. பழைய சான்றிதழில் எழுதிய அளவும் இப்போதைய அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்கள். தோல் முக்கால் அங்குலம் குறைந்திருந்தது. காய்ந்தால் சுருங்கும் என்றார் மருத்துவர். தலையில்தான் கேள்வி வந்தது. பழைய சான்றிதழில் 'பாடம் செய்த தலை, ஒன்று' என்று மட்டும் இருந்தது, அடையாளக் குறி எதுவும் இல்லை. அதே தலைதான் இது, நடுவில் மாற்றவில்லை என்று எப்படிச் சொல்வது? அப்போது அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் உதவியது. தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் அப்பா, பின்னால் சுவரில் அதே தலை, இடது கொம்பின் நுனி உடைந்தது அப்படியே தெரிகிறது. படத்தின் பின்னால் ஸ்டுடியோ முத்திரையும் வருடமும். கேடயத்தைக் கழற்றி லேபிளைக் காட்டினோம். சரகர் இரண்டையும் படம் எடுத்துக்கொண்டார். பழைய ஆல்பத்தில் இப்படிப் படம் இருந்தால் பத்திரமாக வையுங்கள், ஸ்கேன் செய்து வையுங்கள். பூச்சி அரித்த கேடயத்தைப் புதுசாக்குகிறேன் என்று லேபிளைச் சுரண்டி எடுத்துவிடாதீர்கள்.

தலையின் ஒரு காது கிழிந்து பஞ்சு தெரிந்தது. அதைச் சரிசெய்து கொடுக்க ஒரு ஆள் இருக்கிறார் என்று முன்பே யாரோ சொல்லியிருந்தார்கள். சரகரிடமே கேட்டேன். காட்டெருமை முதல் அட்டவணை, அதைக் காசுக்குப் பாடம் பண்ணுவதோ பழுது பார்ப்பதோ தனியார் யாரும் தொழிலாகச் செய்ய முடியாது, கொடுத்தால் நீங்களும் அவரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிவரும் என்றார். அப்படியானால் இந்தக் கலையே இந்தியாவில் இல்லையா என்றால், இருக்கிறது. 2009இல் மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் வன உயிரினங்களைப் பாடம் செய்வதற்கென்று ஒரு மையம் தொடங்கினார்கள். கால்நடை மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் பேராசிரியரான சந்தோஷ் கெய்க்வாட் அதை நடத்தினார். உயிரியல் பூங்காவிலும் காட்டிலும் இறந்த விலங்குகளை, வனத்துறையின் எழுத்து அனுமதியோடு, படிப்புக்கும் காட்சிக்கும் பாடம் செய்கிறார்கள். என் மாணவன் ஒருவனுக்கு இதில் ஆர்வம். வீட்டுக் கோழியிலும் ஆட்டுத் தலையிலும் பழகட்டும், அதற்கு இந்தச் சட்டம் குறுக்கே வராது என்று சொல்லியிருக்கிறேன். சாலையில் அடிபட்டுக் கிடக்கும் ஆந்தையை மட்டும் கையில் எடுக்காதே என்றும் சொன்னேன்.

2024 ஜூனில் அம்மா பெயரில் சான்றிதழ் வந்தது. அன்று இரவு நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். அம்மாவுக்கு 74 வயது. அவருக்குப் பிறகு மறுபடி 90 நாள், மறுபடி அளவு, மறுபடி ஆய்வு, யார் பெயர் என்ற பேச்சு. விற்கவும் முடியாது, பழுது பார்க்கவும் முடியாது, தொட்டால் ஆர்சனிக். ஆனால் அதெல்லாம் எனக்கு இரண்டாவது காரணம். தைத்து மூடிய அந்த ஒரு ரூபாய் அளவு இடத்தைத் தொட்ட பிறகு அந்தத் தோலுக்கு எதிரே உட்கார்ந்து காபி குடிக்க எனக்கு முடியவில்லை. தம்பி வெகுநேரம் பேசாமல் இருந்தான். தலை போய்விட்டால் அப்பா உட்காரும் இடமே வெறிச்சென்று ஆகிவிடும் என்பது அவன் மனசில். அம்மாதான் முடிவு சொன்னார்: "உங்கப்பா காயிதம் வாங்கினது நாம கவுரவமா இருக்கோணும்னுதான். கவுரவமாவே குடுத்துருவோம்."

2022 திருத்தம் இதற்கு வழி வைத்திருக்கிறது. சான்றிதழ் உள்ளவர் வைத்திருக்க விருப்பமில்லை என்றால் 7 வேலை நாள் முன்னால் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குத் தெரிவித்து ஒப்படைக்கலாம். 42ஏ பிரிவு. பணம் எதுவும் தர மாட்டார்கள். ஒப்படைத்த நாளோடு சான்றிதழ் ரத்தாகும், பொருள் அரசுடையது ஆகும். அசல் சான்றிதழைக் கொடுப்பதற்கு முன்னால் நகல் எடுத்து, ஒப்புகைச் சீட்டில் ஒவ்வொரு பொருளின் அளவும் எழுதச் சொல்லி வாங்குங்கள். 'டிராபி, மூன்று' என்று மொத்தமாக எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் அதற்காக அரைமணி நேரம் கூடுதலாக நின்றோம்.

ஜூலையில் ஜீப் வந்தது. தலையைப் போர்வை சுற்றி நாலு பேர் இறக்கினார்கள். அம்மா வாசல் வரை போய், அந்த உடைந்த கொம்பு நுனியை ஒரு தடவை தடவிவிட்டு உள்ளே வந்துவிட்டார். சுவரில் கேடயம் இருந்த இடம் மட்டும் பழைய வெளிர்நீலச் சுண்ணாம்போடு நின்றது. தம்பி அடுத்த முறை வந்தபோது அந்த இடத்தில் தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டினான். அதில் தலையும் இருக்கிறது.

போன மாதம் கோத்தகிரியில் அப்பாவின் பழைய நண்பர் ஒருவர் வீட்டுக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். சாயங்காலம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஆறு காட்டெருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. கூட ஒரு கன்றும். அம்மா ஜன்னலை விட்டு நகரவில்லை. அந்த நண்பர் என்னைத் தனியாக அழைத்து, மேல்மாடி அறையைத் திறந்து காட்டினார். சுவரில் ஒரு சிறுத்தைத் தோல். அவருடைய அண்ணன் இறந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது.

"காயிதம் இருக்குதுங்களா பெரியப்பா? யார் பேர்ல?" என்று கேட்டேன்.

அவர் பீரோ சாவியைத் தேடப் போனார்.